ஸ்லோ ஜெட்டைத் தொடாதே

கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதில் கை வைக்காமல் ஒரு வண்டியை ஓடவிட்டிருக்கிறேன். என் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த வேலைகளில் அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். மெக்கானிக் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கடையை மூடிவிட்டு முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இனி யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

புதிதாக ஸ்பேனர் பிடித்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பழைய இங்கிலீஷ் வண்டிகளைப் பற்றியே கேட்கிறீர்கள். என்ன ஆயில் ஊற்றுவது, பாயின்ட்டில் எவ்வளவு இடைவெளி விடுவது, எஞ்சின் ஒழுகினால் என்ன பூசுவது என்று. அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் போனைத் தட்டினால் வெள்ளைக்காரனே வந்து சொல்லிக்கொடுக்கிறான். அவனால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. வண்டியில் உள்ள கோளாறு வண்டிக்குள் மட்டும் இருப்பதில்லை. அதற்குத்தான் இந்தக் கதை.

எண்பதுகளின் பிற்பகுதி. கரையான்சாவடியில் மெயின்ரோட்டை ஒட்டி எனக்குக் கடை. ஆவடிக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவில், ஏரியோரமாக ஓர் ஊர். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையில் வருகிற மாதிரி இல்லை. அந்த ஊரில் பெரிய வீடு என்று ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரர் ராணுவ ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்திருந்தார். இங்கிலாந்தில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி, நல்ல கனம். பத்திருபது வருடம் அதை ஓட்டிச் சலித்துவிட்டு, மகன் ஸ்கூட்டர் வாங்கியதும் மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டார். பிறகு கொட்டகையைக் காலி செய்தபோது பழைய இரும்போடு சேர்த்து பாடியில் ஒரு காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அங்கே அதைப் பார்த்தவன் கன்னியப்பன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் பிடிக்கிற டர்னர் வேலை. அதே ஊரின் கடைசியில், பெரிய தெருவுக்கு அப்பால் இருக்கும் காலனியில் வீடு. அவன் அப்பா ஆயுசுக்கும் பெரிய வீட்டு நிலத்தில் கூலிவேலை செய்தவர். இந்த வண்டி தெருவில் வரும்போது ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துத்தான் கன்னியப்பன் வளர்ந்திருக்கிறான். காயலான் கடையில் குப்புறக் கிடந்ததைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. யாருடைய வண்டி என்று தெரிந்துதான் வாங்கினான். தெரியாமல் வாங்கியதாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

ஷிப்டு முடிந்ததும் உட்கார்ந்து, மாதக்கணக்கில் அந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினான். தேய்ந்துபோன புஷ்களைத் தானே கடைந்துகொண்டான். அந்த வண்டி நட்டுகளுக்கு நம் மில்லிமீட்டர் ஸ்பேனர் சேராது. புதிதாக வாங்குகிறவன் ஒவ்வொருவனும் செய்கிற முதல் தப்பு, சேராத ஸ்பேனரைப் போட்டு நட்டின் மூலையை மழுக்கிவிடுவது. கன்னியப்பனும் நாலைந்தை மழுக்கிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, பிறகு தனக்கென்று ஸ்பேனரே செய்துகொண்டான். கிக்கர் திருப்பி அடித்து ஒரு வாரம் நொண்டினான். கார்பரேட்டருக்கும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கும் என்னிடம் வந்தான். வண்டி கிளம்பிய அன்று என் கடை வாசலில் அவன் போட்ட கூச்சலில் எதிர்க்கடை இட்லிக்காரம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்துவிட்டாள்.

அவன் ஓட்டுவதைப் பார்க்கவேண்டுமே! புதுச் சொந்தக்காரனின் ஆட்டம் முழுக்க இருந்தது. ரயில்வே கேட்டில் நின்றாலும் சரி, பாடி ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் சரி, ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பான். வண்டி உறுமும், பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இவன் எதையும் கவனிக்காதவன் மாதிரி எங்கேயோ பார்ப்பான். பெட்ரோல் வீண்தான். ஆனால் அவன் கையால் உழைத்து உண்டாக்கிய வண்டி, அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணாத்தே, ஓடிகினே இருக்குது, டபக்குனு நின்னுடுது."

"எங்க நிக்குது?"

"எங்க தெருவாண்ட."

"வேற எங்கனா?"

"இல்ல அண்ணாத்தே. பாடி வரிக்கும் போறேன், வரேன். சும்மா கும்முனு போவுது. எங்க ஊரு பெரிய தெருவுல நுழைஞ்சா மட்டும் நின்னுடுது. எத்தினி கிக்கு அடிச்சாலும் ஏந்துக்க மாட்டேங்குது. தெருவத் தாண்டித் தள்ளிகினு போயி ஒரு கிக்கு குடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. மெயின்ரோட்டிலிருந்து காலனிக்குப் போக அந்தப் பெரிய தெருதான் வழி. ஏரிக்கரை மேல் ஒரு சுற்றுவழி உண்டு, மழை பெய்தால் அது சேறு. பெரிய தெருவில் காலனிக்காரர்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு வழக்கம். இறங்கு என்று வாய்விட்டு யாரும் சொல்வது நின்று பல காலம் ஆகிவிட்டது. வயதானவர்கள் அப்படியும் இறங்குவார்கள். கன்னியப்பன் வயதுப் பையன்கள் ஏறியபடியே போவார்கள், ஆனால் மெதுவாக, மணி அடிக்காமல். இந்த லட்சணத்தில் இவன் பெரிய வீட்டு வண்டியையே வாங்கி, ஏறி உட்கார்ந்து, அந்தத் தெருவில் போகப்போகிறேன் என்று கிளம்பினான். வண்டி தினம் தினம் அவனை இறக்கிவிட்டு, தெரு முழுக்கத் தள்ளவைத்தது. அவனுடைய அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அதே தெருவில்.

நான் மேக்னெட்டோவைச் சந்தேகப்பட்டேன். சூடேறினால் மின்சாரம் விட்டுப்போகும், ஆறினால் வந்துவிடும், அந்தக் கால மேக்னெட்டோவுக்கு அது வாடிக்கை. கழற்றி, காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டினேன். மறுநாளும் தெருவில் நின்றது. டேங்க் மூடியில் காற்றுப்போகும் துளை அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் போய்ப் பெட்ரோல் இறங்காது. துளையைப் பெரிதாக்கினேன். நின்றது. நானே வாங்கிப் பூந்தமல்லி முழுக்கச் சுற்றினேன். என்னிடம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இந்த வயது வண்டிகளில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடியே ஓட்டுவது எங்களுக்குக் கைப்பழக்கம். கையை விட்டாலும் எஞ்சின் தானாக ஓடுகிற ஐட்லிங் இல்லாவிட்டால் அதை ஒரு கோளாறாகவே நினைக்கமாட்டோம். அவனும் "ஓடிகினே இருக்கும்போது நின்னுடுது" என்று சொன்னானே தவிர வேறு சொல்லவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்குள் ஊரில் கதை கட்டிவிட்டார்கள். வண்டிக்குப் பழைய வீடு மறக்கவில்லையாம், அங்கே வந்ததும் நின்றுவிடுகிறதாம். ஒருநாள் கன்னியப்பன் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போகும்போது பெரிய வீட்டுக்காரரே வாசலுக்கு வந்து சொன்னாராம்: "இன்னாத்துக்குடா பேஜார் படறே? அது எங்க ஊட்டு வண்டி. எங்க ஊட்டாண்ட வந்தா நிக்கத்தான் செய்யும். நீ குடுத்தத நான் குடுத்துட்றேன். கொண்டாந்து கொட்டாயில உட்டுட்டுப் போ."

அதைச் சொல்லிவிட்டுக் கன்னியப்பன் வண்டியை என் கடைச் சுவரில் சாய்த்தான். "உட்டுடலாம்னு பாக்கறேன் அண்ணாத்தே. காலனிப் பசங்களே, இன்னா மாமே இன்னிக்கும் தள்றியானு கேக்கறானுங்க. இந்த ஞாயித்துக்கெழம நீ பாரு. கோளாறு கெடைக்கலன்னா அவரு கொட்டாயிலயே கொண்டுபோயி போட்டுட்டு பஸ்ஸுல போறேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. இத்தனை வருடம் தொழில் செய்தவன், ஒரு வண்டி ஒரே தெருவில் நிற்கிறது என்றால் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்காமல் கடையில் உட்கார்ந்து கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேனே! ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பையில் நாலு ஸ்பேனரைப் போட்டுக்கொண்டேன். "நீ ஓட்டு, நான் பின்னால குந்துறேன்" என்றேன்.

அவன் தயங்கினான். அதற்கும் காரணம் உண்டு. நான் பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பத்துக்காரன். பெரிய வீட்டுக்காரர் என்னை ஒரு வகையில் தம் ஆளாக நினைத்திருந்தார். அவர் மகனுடைய ஸ்கூட்டர் தொடங்கி அந்தத் தெரு வண்டிகள் பாதி என் கடைக்குத்தான் வரும். அப்படிப்பட்ட நான் கன்னியப்பன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அந்தத் தெருவில் போவது ஊருக்கு ஒரு சேதி. "சேதியாவே இருக்கட்டும், நீ கிளப்பு" என்றேன்.

ஆவடி தாண்டும் வரை அருமையாக ஓட்டினான். பஸ்ஸைத் தாண்டினான், மாட்டு வண்டிக்கு ஒதுங்கினான், நிறுத்தின இடத்திலெல்லாம் வழக்கம்போல உறுமவிட்டான். மெயின்ரோட்டில் டீக்கடை அருகே திரும்பிப் பெரிய தெருவில் நுழைந்தோம்.

நான் அவன் தோள் வழியாக வண்டியின் மேல்தான் கண் வைத்திருந்தேன். பெரிய வீட்டின் தூண் கண்ணில் பட்டதும் அவன் வலது மணிக்கட்டு தானாக முன்பக்கம் தளர்ந்தது. யாரும் எதிரே வரவில்லை, பள்ளம் இல்லை, குழந்தை குறுக்கே ஓடவில்லை. கை ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டது. முதுகு கொஞ்சம் குனிந்தது. வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கியது, இரண்டு முறை பொட்டென்று இருமியது, நின்றது. அவன் இறங்கி உதைத்தான். உதைக்கும்போதும் கையை முறுக்கவில்லை, சத்தம் வந்துவிடுமே என்று பயந்த மாதிரி.

கோளாறு பிடிபட்டுவிட்டது. கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட் என்று ஒரு மெல்லிய துளை உண்டு. ஆக்ஸிலேட்டரை மூடினால் எஞ்சின் உயிரோடு இருக்கத் தேவையான பெட்ரோல் அதன் வழியாகத்தான் வரும். அது அடைத்திருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவன் முறுக்கிக்கொண்டே இருந்ததால் அது தேவைப்படவில்லை. உலகத்திலேயே அந்த ஒரு தெருவில்தான் அவன் கையை முழுக்க மூடினான். அப்படி மூடுவது அவனுக்கே தெரியாது.

நானும் சேர்ந்து தள்ளினேன். பெரிய வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "இன்னாப்பா, நீயும் தள்றியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் காது வரை சூடேறியது.

தள்ளிக்கொண்டே யோசித்தேன். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஒரு மெல்லிய கம்பியும் ஒரு ஊதலும் போதும், ஜெட் திறந்துவிடும். கன்னியப்பனிடம் ஒன்றும் சொல்லாமல் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். வண்டி அந்தத் தெருவில் மெதுவாக, சத்தமில்லாமல், மரியாதையாக ஓடும். அவனும் குனிந்தபடியே ஓட்டிப் போவான். தன் கை மூடுகிறது என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. வாடிக்கையாளருக்குத் தேவை வண்டி ஓடுவது, மற்றது நமக்கெதற்கு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கண்ட கோளாறில் பாதியை மட்டும் சொல்லிக் கூலி வாங்குவது எனக்குப் பிடிக்காது.

அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அவன் மனைவி மல்லிகா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வாய் கொஞ்சம் அதிகம். "தள்றதுக்கு எதுக்குய்யா பெட்ரோலு? ஒரு ஐஸு வண்டி வாங்கியிருந்தா யாவாரமாச்சும் ஆயிருக்கும்" என்றாள். அவன் முறைத்தான்.

நான் சொன்னேன். ஜெட் அடைத்திருப்பதைச் சொன்னேன், அது ஏன் அந்தத் தெருவில் மட்டும் தெரிகிறது என்பதையும் சொன்னேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "இன்னா சொல்றே அண்ணாத்தே? நான் பயந்துகினு ஓட்றேன்றியா?"

"உன்ன சொல்லல நைனா. உன் கை அப்பிடிப் பழகிகீது."

"என் கையி நான் சொல்றதத்தான் கேக்கும். மிசின்ல நூலு பிசகாம கடையிற கை இது. சும்மா டபாய்க்காத."

"தெருவுல நுழைஞ்சதும் முதுகு குனிஞ்சுதே, அது தெரியுமா உனக்கு?"

சண்டைக்கு வருவான் என்றுதான் நினைத்தேன். மல்லிகாதான் குறுக்கே வந்தாள். கேலியெல்லாம் போய், மெதுவாகச் சொன்னாள்: "அவுரு சொல்றது மெய்தான்யா. சைக்கிள்ல என்ன இட்டுகினு போவும்போதும் அங்க வந்தா நீ பேச்ச நிறுத்திடுவே. நானும் நிறுத்திடுவேன்."

கன்னியப்பன் கார்பரேட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நான் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஸ்லோ ஜெட்டத் தொடாத."

"ரெண்டு நிமிச வேலைப்பா."

"தொடாத அண்ணாத்தே. அத கிளீன் பண்ணிட்டா நான் கைய மூடினனா இல்லியான்னு எனக்கே தெரியாம பூடும். இப்பிடியே ஓட்டினாத்தான் தெரியும். ஏறு, குந்து."

அவன் சொன்னது என் தொழில் புத்திக்கு எதிரானது. கோளாறு உள்ள வண்டியில், கோளாறு தெரிந்தே, பின்னால் ஏறி உட்காரு என்கிறான். ஆனால் அவன் சொன்ன நியாயம் என் நியாயத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

காலனிப் பக்கமிருந்து பெரிய தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டாவது கியர். வேகமெல்லாம் இல்லை. குழந்தைகள் விளையாடுகிற தெரு, வேகமாகப் போக அவன் முட்டாளில்லை. ஆனால் கை திறந்தே இருந்தது. எஞ்சின் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். வழியில் ஒரு தடவை அவன் மணிக்கட்டு தளரப் பார்த்தது. எஞ்சின் இருமியது. "கை!" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே திரும்ப முறுக்கிவிட்டான்.

பெரிய வீட்டுக்காரர் சத்தம் கேட்டு இறங்கித் தெரு நடுவில் வந்து நின்றார்.

கன்னியப்பன் பிரேக் போட்டான். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டான், ஆனால் ஆக்ஸிலேட்டரை விடவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. அவருடைய வேட்டி நுனிக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு எட்டு தூரம்தான் இருந்தது.

"இன்னாடா சத்தம் இது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ நம்ம பக்கத்து ஆளு. இவன் பின்னால குந்திகினு... இறங்குப்பா."

எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தது. நான் பெரிய வீரன் ஒன்றுமில்லை. கடைக்கு வரும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. "வண்டி டெஸ்டிங்ல கீது, இறங்க முடியாது" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். பொய்யும் இல்லை.

அவர் கன்னியப்பனிடம் திரும்பினார். "ஆஃப் பண்ணிட்டு இறங்குடா. பெரியவங்க நிக்கறது கண்ணு தெரியல?"

அந்தக் காலனியில் அவரை எல்லோரும் "ஆண்டே", அதாவது எஜமானே, என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னியப்பனின் அப்பா கூப்பிட்டார், கன்னியப்பனும் அதுவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறான். இப்போது அவன், பாடி பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"கொஞ்சம் வழி உடுங்க சார்."

"சாரா?"

"ஆமா சார். கைய எடுத்தா வண்டி நின்னுடும். நான் எடுக்கமாட்டேன். வழி உடுங்க."

கிளட்ச் தட்டுகள் காய ஆரம்பித்துவிட்டன. அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பிடித்திருந்தால் தட்டு நாசமாகிவிடும். கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவா என்று சொல்வதுதான் மெக்கானிக் வேலை. நான் சொல்லவில்லை. தட்டு போனால் வேறு தட்டு போட்டுக்கொள்ளலாம், அந்த நேரத்தில் அவன் காதுக்கு என் குரல் தேவையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். நெருக்கடியில் எதைச் சரிசெய்வது என்பது மட்டுமல்ல, எதை எரிய விடுவது என்றும் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அவர் ஒதுங்கினார் என்று சொல்லமாட்டேன். அவர் அப்படி ஒத்துக்கொள்ளவும் மாட்டார். புகைக்கு முகத்தைத் திருப்பி, ஒரு கால் மாற்றி நின்றார். அந்த இடைவெளி கன்னியப்பனுக்குப் போதுமானதாக இருந்தது. கிளட்ச்சை விட்டான். அவரை உரசாமல், அவசரப்படாமல், முதுகை நிமிர்த்தியபடி ஓட்டினான். வண்டி மெயின்ரோடு வரை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

டீக்கடை வாசலில் இறங்கினோம். டீ சொன்னோம். அவன் குடிக்கவில்லை, கிளாஸைப் பிடித்தபடி அழுதான். ஆத்திரமா, சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் மல்லிகா வேகவேகமாக நடந்து வந்து சேர்ந்தாள். எங்களுக்குப் பின்னாலேயே அந்தத் தெருவில் நடந்து வந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப என்ன குந்தவெச்சு இட்டுகினு போ" என்றாள்.

கன்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினான். "இப்ப ஜெட்ட கிளீன் பண்ணு அண்ணாத்தே."

டீக்கடை பெஞ்சு மேல் கழற்றி வைத்து, கம்பி விட்டு, ஊதி மாட்டினேன். பெட்ரோல் பிசின் ஒரு துளி வெளியே வந்தது, அவ்வளவுதான் மொத்தக் கோளாறும். கிளட்ச் கொஞ்சம் கத்தியது, ஆனால் தாங்கியது. வண்டி கையை விட்டாலும் தானாக ஓட ஆரம்பித்தது, தட் தட் தட் என்று ஒரே சீராக.

மல்லிகா ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். நான் டீக்கடை வாசலிலேயே நின்று பார்த்தேன். சாயங்கால வெயில் தெரு முழுக்க விழுந்திருந்தது. இந்தத் தடவை கன்னியப்பன் மெதுவாகத்தான் போனான், நடக்கிறவன் தாண்டிப் போகலாம், அவ்வளவு மெதுவாக. மல்லிகா அவன் காதருகே குனிந்து ஏதோ பேசிக்கொண்டே போனாள். பெரிய வீட்டின் எதிரில் வண்டியை நிறுத்தினான். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் எடுத்து, சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டான். முதலில் ஒரு கை, பிறகு மறு கை. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய வீட்டில் கதவு சாத்தியிருந்தது, யாரும் வெளியே வரவில்லை. மடித்து முடித்ததும் கியர் போட்டு வீட்டுக்குப் போனான்.

அந்தத் தெரு வண்டிகள் அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும். அன்று ஐட்லிங் ஸ்க்ரூவை இருக்கவேண்டிய அளவுக்கு மேல் கால் சுற்று கூட்டி, நின்றபடி ஓடும்போதும் சத்தம் ஏறும்படி வைத்திருந்தேன். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சினுக்கும் அது நல்லதில்லை என்று உங்களுக்கெல்லாம் தெரியும், எனக்கும் தெரியும். கதவைச் சாத்தினாலும் உள்ளே கேட்கட்டும் என்றுதான் வைத்தேன்.